தேர்வும் தீர்ப்பும்: கேன்ஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவு – ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆண்டுதோறும் மே மாதத்தில், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரை நகரமான கேன்ஸில் நடைபெறும் திரைப்பட விழா உலகத் திரைக்கலையின் போக்கை வகுக்கும் நிகழ்வுகளுள் முதன்மையானது. வெனிஸ், பெர்லின் விழாக்களும் அதனோடு சேர்த்து எண்ணப்படுபவையே. எனினும் கேன்ஸில் வழங்கப்படும் 'பாம் தோர்' என்னும் தங்கப்பனை விருதையே திரைப்படக் கலைஞர்கள் பெரும்பாலோர் உச்சமாகக் கருதுகிறார்கள்.

இவ்விழாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. செங்கம்பளத்தில் நடந்த நட்சத்திரங்களைப் பற்றிய செய்தி ஒன்று. விருது பெற்ற படத்தின் கதைச் சுருக்கமும் பாராட்டும் மற்றொன்று. அந்தப் படம் எவ்வாறு போட்டிக்குள் வந்தது, அதைத் தேர்ந்தவர் யார், தீர்ப்பளித்தவர் யார், எந்த விதிகளுக்கு உட்பட்டுத் தீர்ப்பளித்தனர் என்னும் கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இக்கட்டுரை அக்கேள்விகளை எடுத்துக்கொள்கிறது.

இங்கு நிறுவ முயலும் கருத்து இது: கேன்ஸ் விருது ஒரு நடைமுறையின் விளைவு. படங்களைத் தேர்தல், நடுவர்களை அமர்த்துதல், விருதுகளைப் பங்கிடுதல் என அந்நடைமுறைக்கு மூன்று படிகள் உண்டு. மூன்றும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. விருதுப் பட்டியலை இம்மூன்றோடும் சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் விளங்கும். மூன்றிலும் வலிமை மிக்கது முதற்படியாகிய தேர்வே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. தோற்றம்: அரசுகளின் மேடை

2.1 வெனிஸுக்கு எதிர்வினை

கேன்ஸ் விழாவின் பிறப்புக்கே ஒரு நடுவர் தீர்ப்பின் மீது எழுந்த அவநம்பிக்கைதான் காரணம். 1938-இல் வெனிஸ் விழாவின் உயரிய விருதான முசோலினி கோப்பை, ஜெர்மன் இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வுக்கும் இத்தாலியப் படமான 'லூச்சியானோ செர்ரா, விமானி'க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நாஜி ஜெர்மனியும் பாசிச இத்தாலியும் தமக்குள் விருதைப் பங்கிட்டுக்கொண்டன என்றே பிற நாட்டுப் பிரதிநிதிகள் கருதினர். அங்குச் சென்றிருந்த பிரெஞ்சு அதிகாரி பிலிப் எர்லாஞ்சே, அரசியல் நெருக்குதல் இல்லாத ஒரு விழாவைப் பிரான்சிலேயே தொடங்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். கல்வி, கலைத் துறை அமைச்சர் ழான் ஸே அதற்குத் துணை நின்றார்.

முதல் விழா 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்குவதாக இருந்தது. திரைப்படக் கலையின் முன்னோடி லூயி லூமியேர் தலைமை ஏற்க இசைந்திருந்தார். அதே நாளில் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது, விழா நின்றது. ழான் ஸே 1944-இல் நாஜிகளுக்குத் துணை போன பிரெஞ்சு ஆயுதப்படையினரால் கொல்லப்பட்டார். தாம் வித்திட்ட விழாவை அவர் பார்க்கவில்லை.

2.2 1946: பதினொரு முதற்பரிசுகள்

போர் முடிந்தபின், 1946 செப்டம்பர் 20 அன்று முதல் விழா தொடங்கியது. எந்தப் படத்தை அனுப்புவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்தது. நடுவர் குழுவிலும் பங்கேற்ற நாடுகளின் பிரதிநிதிகளே அமர்ந்தனர். ஆக, விழா ஏறத்தாழ ஒரு தூதரக மாநாட்டின் வடிவில் நடந்தது. அதன் விளைவு விருதுப் பட்டியலிலேயே தெரிகிறது. அன்றைய உயரிய விருதான 'கிராண்ட் பிரி' பதினொரு படங்களுக்கு வழங்கப்பட்டது. ரோசெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்', டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்', பில்லி வைல்டரின் 'தி லாஸ்ட் வீக்எண்ட்', சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' ஆகியவை அவற்றுள் அடங்கும்.

'நீச்சா நகர்' கேன்ஸின் உயரிய விருதைப் பெற்ற ஒரே இந்தியப் படம் என்று நாம் பெருமையோடு சொல்வதுண்டு. அது உண்மை. அவ்விருது பதினொரு படங்களுக்குப் பகிரப்பட்டது என்பதும், நாடுகளுக்கிடையே நல்லுறவு பேணுவது அன்றைய நடைமுறையின் உள்ளார்ந்த நோக்கம் என்பதும் உண்மையே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் அப்படத்தின் மதிப்புக் குறையாது, வரலாறு தெளிவாகும்.

2.3 தூதரக நெருக்குதல்கள்

அரசுகள் படம் அனுப்பிய காலத்தில், அரசுகளே படங்களை நீக்கவும் முயன்றன. 1956-இல் அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்', நாஜி வதைமுகாம்களைப் பற்றிய ஆவணப்படம், மேற்கு ஜெர்மனியின் எதிர்ப்பால் போட்டியிலிருந்து விலக்கப்பட்டுப் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. 1959-இல் அதே இயக்குநரின் 'ஹிரோஷிமா, என் அன்பே' அமெரிக்காவின் மனம் கோணாதிருக்க வேண்டிப் போட்டிக்கு வெளியே வைக்கப்பட்டது.

1961-இன் நிகழ்வு இதற்கு நேர்மாறானது. லூயிஸ் புனுவேலின் 'விரிதியானா' ஸ்பெயின் நாட்டின் சார்பில் வந்து, அன்ரி கோல்பியின் படத்தோடு தங்கப்பனையைப் பகிர்ந்துகொண்டது. வத்திக்கான் நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஃபிராங்கோ அரசு தானே அனுப்பிய படத்துக்குத் தடை விதித்தது. மேடையேறி விருது வாங்கிய திரைப்படத் துறை அதிகாரி பதவியிழந்தார். கலைஞனின் படைப்பை அரசின் படைப்பாகக் கொள்ளும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை இந்நிகழ்வு உறுதியாகக் காட்டியது.

3. தேர்வு: அரசிடமிருந்து விழாவின் கைக்கு

3.1 1968-உம் 1972-உம்

1968 மே மாதம் பிரான்சில் மாணவர் எழுச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பரவியபோது விழா நடந்துகொண்டிருந்தது. கோதார், த்ரூஃபோ உள்ளிட்ட இயக்குநர்கள் விழாவை நிறுத்தக் கோரினர். திரை விலகாதபடி மேடையிலேயே பிடித்து நிறுத்தினர். நடுவர்களான லூயி மால், ரோமன் பொலான்ஸ்கி, மோனிகா விட்டி, டெரன்ஸ் யங் ஆகியோர் விலகினர். மே 19 அன்று விழா முடிக்கப்பட்டது. அவ்வாண்டு விருது எதுவும் இல்லை.

இதன் நேரடிப் பயனாக 1969-இல் பிரெஞ்சு இயக்குநர் சங்கம் 'இயக்குநர்களின் இருவாரம்' என்ற தனித் திரையிடலைத் தொடங்கியது. பிரெஞ்சு விமர்சகர் சங்கத்தின் 'விமர்சகர் வாரம்' 1962 முதலே நடந்துவந்தது. விழாவின் அதிகாரபூர்வத் தேர்வுக்குப் போட்டியாக அதே நகரில், அதே நாட்களில் வேறு தேர்வுகள் இயங்கத் தொடங்கின. நாடுகள் அனுப்பும் படங்களைக் காட்டுவதோடு விழா நின்றால், புதிய கலைஞர்கள் அத்தனை பேரும் பக்கத்து அரங்குக்குப் போய்விடுவார்கள் என்ற நிலை உருவானது.

1972-இல் விழா தன் விதியை மாற்றியது. அதுமுதல் போட்டிப் படங்களை விழாவே தேர்ந்தெடுக்கிறது. கேன்ஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. நாடு என்ற அலகு பின்னுக்குப் போய், இயக்குநர் என்ற அலகு முன்னுக்கு வந்தது.

3.2 தேர்வாளரின் அதிகாரம்

1978-இல் பொதுப் பொறுப்பாளராக வந்த ழில் ஜேக்கப் இப்புதிய அதிகாரத்துக்கு வடிவம் கொடுத்தார். போட்டிக்கு வெளியே, புதிய பார்வை கொண்ட படங்களுக்கென 'அன் செர்த்தன் ரிகார்' பிரிவையும், முதல் படம் எடுப்போருக்கான 'கேமரா தோர்' என்னும் தங்கக் கேமரா விருதையும் அவ்வாண்டே தொடங்கினார். 1998-இல் திரைப்படப் பள்ளி மாணவர்களின் குறும்படங்களுக்காக 'சினேஃபோந்தாசியோன்' பிரிவு வந்தது. 2001 முதல் தேர்வுப் பொறுப்பு தியரி ஃப்ரெமோவிடம் இருக்கிறது. அரை நூற்றாண்டாக இப்பொறுப்பை வகித்தவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆண்டுதோறும் மாறும் நடுவர்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் விழாவின் பார்வைக்கு வருகின்றன. அவற்றுள் போட்டிக்குள் நுழைவன ஏறத்தாழ 20. அதாவது நூற்றுக்கு ஒன்று. மீதமுள்ள முடிவை எடுக்கும் நடுவர்களோ அந்த 20-இலிருந்து ஏழெட்டுப் படங்களைக் கௌரவிக்கிறார்கள். தேர்வுக் குழு விலக்கிய படத்தை நடுவர் குழு மீட்டெடுக்க வழியே இல்லை. எனவே உண்மையான வடிகட்டல் திரை விலகும் முன்பே, ஏப்ரல் மாதச் செய்தியாளர் கூட்டத்தில் பட்டியல் வெளியாகும்போதே, முடிந்துவிடுகிறது.

3.3 பிரிவுகளின் படிநிலை

'கேன்ஸில் திரையிடப்பட்டது' என்ற ஒரே தொடர் பல்வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது. அவற்றைப் பின்வருமாறு பகுக்கலாம்.

(அ) அதிகாரபூர்வத் தேர்வு: போட்டிப் பிரிவு, அன் செர்த்தன் ரிகார், போட்டிக்கு வெளியேயான படங்கள், நள்ளிரவுத் திரையிடல், சிறப்புத் திரையிடல், 2021-இல் தொடங்கிய 'கேன்ஸ் பிரீமியர்', பழைய படங்களுக்கான 'கேன்ஸ் கிளாசிக்ஸ்', மாணவர் படப் பிரிவு.

(ஆ) இணைப் பிரிவுகள்: இயக்குநர்களின் இருவாரம், விமர்சகர் வாரம், 'ஆசிட்' அமைப்பின் திரையிடல். இவை தனித்தனி அமைப்புகளால் தேர்ந்தெடுக்கப்படுபவை.

(இ) திரைப்படச் சந்தை: 1959-இல் தொடங்கிய வணிகப் பகுதி. படத்தை விற்க விரும்புவோர் கட்டணம் செலுத்தி இங்கே திரையிடலாம். கலைத் தேர்வு எதுவும் இதில் இல்லை.

தங்கப்பனை போட்டிப் பிரிவுக்கு மட்டுமே உரியது. தங்கக் கேமராவோ அதிகாரபூர்வத் தேர்வு, இருவாரம், விமர்சகர் வாரம் ஆகிய எல்லாவற்றிலும் வரும் முதல் படங்களுக்குப் பொதுவானது. மீரா நாயரின் 'சலாம் பாம்பே!' (1988), முரளி நாயரின் மலையாளப் படமான 'மரண சிம்ஹாசனம்' (1999), இலங்கையின் விமுக்தி ஜயசுந்தர இயக்கிய 'சுலங்க எனு பினிஸ' (2005) ஆகியவை தங்கக் கேமரா பெற்றவை. ஜயசுந்தர அதை அமெரிக்க இயக்குநர் மிராண்டா ஜூலையோடு பகிர்ந்துகொண்டார்.

3.4 திரையரங்கா, இணையமா

தேர்வு விதி கலைக் கொள்கையோடு நாட்டின் சட்டத்தையும் சுமக்கிறது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் தயாரித்த 'ஓக்ஜா' உள்ளிட்ட இரு படங்கள் போட்டியில் இடம்பெற்றன. பிரான்சில் திரையரங்கில் வெளியான படம் இணையத் தளத்துக்கு வர அப்போது 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் அதற்கு உடன்படவில்லை. பிரெஞ்சுத் திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர். 2018 முதல், பிரான்சில் திரையரங்க வெளியீட்டுக்கு உடன்படும் படங்களே போட்டியில் சேரலாம் என்று விழா முடிவெடுத்தது. அவ்வாண்டு நெட்ஃபிளிக்ஸ் படமான அல்போன்ஸோ குவாரோனின் 'ரோமா' வெனிஸ் சென்று தங்கச் சிங்கம் வென்றது. ஒரு தேர்வு விதி ஒரு படத்தின் வரலாற்றையே வேறு நகருக்கு மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. நடுவர் குழு

4.1 அமைப்பும் ஒழுங்கும்

போட்டிப் பிரிவின் நடுவர் குழு தலைவரோடு சேர்த்து வழக்கமாக ஒன்பது பேர் கொண்டது. அவர்களை விழா நிர்வாகமே அழைக்கிறது. தொடக்க காலத்தில் எழுத்தாளர்களும் பிரெஞ்சு அகாதமி உறுப்பினர்களும் தலைமை ஏற்றனர். ழான் கோக்தோ 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் தலைவராக இருந்தார். 1960-இல் துப்பறியும் கதை எழுத்தாளர் ழார்ழ் சிமெனோன் தலைமை ஏற்றார். பின்னர் இயக்குநர்களும் நடிகர்களும் அவ்விடத்தை நிரப்பினர். 1965-இல் ஒலிவியா டி ஹேவிலண்ட் முதல் பெண் தலைவரானார். 2021-இல் ஸ்பைக் லீ அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார்.

நடுவர்கள் விழா நாட்களில் இடையிடையே கூடிப் பேசுகிறார்கள். இறுதி நாளில் நகரத்தின் சந்தடியிலிருந்து விலகிய ஒரு மாளிகையில், வெளித்தொடர்பின்றி முடிவெடுக்கிறார்கள். முடிவு வாக்களிப்பால் அமைகிறது. காரணம் கூறும் தீர்ப்புரை வெளியிடப்படுவதில்லை.

4.2 ஒன்பது பேரின் தர்க்கம்

ஒன்பது வாக்குகளில் ஐந்து பெற்றால் பெரும்பான்மை. இத்தகைய சிறு குழுவில் நால்வர் உயிராக நேசித்து ஐவர் வெறுக்கும் படம் தோற்கலாம். அனைவருக்கும் இரண்டாவதாகப் பிடித்த படம் வெல்லலாம். 'ஒருமனதாக' என்று அறிவிக்கப்படும் முடிவுக்குத் தனி மதிப்பு இருப்பது இதனால்தான். 1987-இல் மோரிஸ் பியாலாவின் 'சாத்தானின் சூரியனுக்குக் கீழே' ஒருமனதாகத் தங்கப்பனை வென்றது. அரங்கத்தில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தனர். 2019-இல் பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' ஒருமனதாக வென்றது. அரங்கமும் உலகமும் அதை வரவேற்றன. இரண்டிலும் நடுவர்களின் உறுதி ஒன்றே. பார்வையாளரின் ஏற்பு வேறு கணக்கு.

1999-இல் டேவிட் குரோனென்பர்க் தலைமையிலான குழு எடுத்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. பெத்ரோ அல்மோதோவாரின் 'என் தாயைப் பற்றி எல்லாம்' வெல்லும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. தங்கப்பனை தார்தென் சகோதரர்களின் 'ரொசெட்டா'வுக்குச் சென்றது. புரூனோ துமோனின் 'மனிதம்' இரண்டாம் பரிசான கிராண்ட் பிரியோடு இரு நடிப்பு விருதுகளிலும் இடம்பெற்றது. அதில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அன்று கண்டனம் எழுந்தது. ஆயினும் தார்தென் சகோதரர்களின் வருகையை உலகுக்கு அறிவித்த தீர்ப்பு அதுவே. 2005-இல் அவர்கள் மீண்டும் வென்றார்கள்.

4.3 நெருக்குதலும் சார்பும்

நடுவர் குழுவின் தன்னாட்சி எப்போதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. 1979-இல் கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' படமும் ஷ்லோன்டார்ஃபின் 'தகர முரசு' படமும் தங்கப்பனையைப் பகிர்ந்தன. தலைவராக இருந்த எழுத்தாளர் ஃபிரான்சுவாஸ் சகான், நிர்வாகம் முடிவில் தலையிட்டது என்று பின்னர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். 1983-இல் தம் படமான 'நொஸ்டால்ஜியா'வுக்குத் தங்கப்பனை கிடைக்காமல், நடுவர்களுள் ஒருவரான சோவியத் இயக்குநர் செர்கெய் பொந்தார்ச்சுக் தடுத்தார் என்று இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி கருதினார். தார்க்கோவ்ஸ்கிக்கும் பிரெஞ்சு இயக்குநர் பிரெசோனுக்கும் 'படைப்புத் திரைக்கான' சிறப்பு விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

காரணம் வெளியிடப்படாத தீர்ப்பு இத்தகைய ஐயங்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுதந்திரமாகப் பேச மறைவு வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பத்தி அளவிலேனும் காரணம் சொல்லும் நடுவர் குழுவே விமர்சன மரபுக்குக் கூடுதலாகப் பங்களிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

4.4 இந்திய நடுவர்கள்

மிருணாள் சென் 1982-இல் நடுவராக அமர்ந்தார். அக்குழுவில் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸும் இருந்தார். பின்னர் அருந்ததி ராய் (2000), ஐஸ்வர்யா ராய் (2003), நந்திதா தாஸ் (2005), ஷர்மிளா தாகூர் (2009), சேகர் கபூர் (2010), வித்யா பாலன் (2013), தீபிகா படுகோன் (2022), பாயல் கபாடியா (2025) எனப் பலர் அழைக்கப்பட்டனர். இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. 1994-இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' போட்டியில் இடம்பெற்ற பின், 2024 வரை முப்பது ஆண்டுகள் ஓர் இந்தியப் படம்கூடப் போட்டிக்குள் நுழையவில்லை. நம் கலைஞர்கள் தீர்ப்பு வழங்க அழைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் நம் படங்கள் தீர்ப்புக்கு வைக்கப்படவில்லை. நடுவர் நாற்காலியைவிடத் தேர்வுப் பட்டியலே வலியது என்பதற்கு இது நம் அனுபவத்திலிருந்தே கிடைக்கும் சான்று.

5. விருதுகளும் பங்கீட்டு விதியும்

5.1 விருதுகளின் பெயர்களும் வரிசையும்

'கிராண்ட் பிரி' என்ற பெயர் வாசகரைக் குழப்பக்கூடியது. 1954 வரை அதுவே முதற்பரிசு. 1955-இல் தங்கப்பனை அறிமுகமாகி, டெல்பர்ட் மேனின் 'மார்ட்டி' அதை முதலில் வென்றது. 1964 முதல் 1974 வரை மீண்டும் பழைய பெயரே முதற்பரிசுக்கு வழங்கியது. 1975-இல் தங்கப்பனை திரும்பி வந்து நிலைபெற்றது. இன்று கிராண்ட் பிரி இரண்டாம் பரிசு. அதற்கடுத்து நடுவர் குழு விருது, சிறந்த இயக்கம், திரைக்கதை, நடிகர், நடிகை ஆகிய விருதுகள் வருகின்றன. பழைய படமொன்று கிராண்ட் பிரி பெற்றது எனப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்தே அது முதலிடமா இரண்டாமிடமா என அறிய வேண்டும்.

5.2 குவிப்பைத் தடுத்தல்

1991-இல் கோயன் சகோதரர்களின் 'பார்ட்டன் ஃபிங்க்' தங்கப்பனை, சிறந்த இயக்கம், சிறந்த நடிகர் என மூன்று விருதுகளை அள்ளியது. 2001-இல் ஹானெக்கேயின் 'பியானோ ஆசிரியை' கிராண்ட் பிரியோடு இரு நடிப்பு விருதுகளையும் பெற்றது. 2003-இல் கஸ் வான் சான்டின் 'எலிஃபண்ட்' தங்கப்பனையும் இயக்குநர் விருதும் பெற்றது. ஒரே படத்தில் விருதுகள் குவிவதை விழா விரும்பவில்லை. இன்றைய நடைமுறையில் தங்கப்பனை பெறும் படத்துக்கு வேறு விருது இல்லை. பிற படங்களுக்கு இரண்டாவது விருது தருவது விதிவிலக்காக மட்டுமே நிகழ்கிறது. 2024-இல் 'எமிலியா பெரெஸ்' நடுவர் குழு விருதோடு நான்கு நடிகையர் பகிர்ந்த நடிப்பு விருதையும் பெற்றது. 2025-இல் கிளேபர் மென்டோன்சா ஃபில்யோவின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்' இயக்குநர், நடிகர் விருதுகளைப் பெற்றது.

இவ்விதியின் விளைவு ஆழமானது. சிறந்த நடிப்புக்கான விருது போட்டியிலிருந்த எல்லா நடிப்புகளிலும் சிறந்ததைக் குறிப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், உயர் விருதுகளைப் பங்கிட்டபின் மீதமிருக்கும் படங்களில் சிறந்ததையே அது பெரும்பாலும் குறிக்கிறது. 2023-இல் சான்ட்ரா ஹியூலர் தங்கப்பனை பெற்ற 'அனாடமி ஆஃப் எ ஃபால்', கிராண்ட் பிரி பெற்ற 'தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' ஆகிய இரண்டிலும் முதன்மைப் பாத்திரம் ஏற்றிருந்தார். நடிகை விருது துருக்கியின் மெர்வே திஸ்தாருக்குச் சென்றது. திஸ்தாரின் நடிப்பு சிறந்ததே. ஆனால் இருவரையும் ஒரே தராசில் வைத்து எடுத்த முடிவு என்று அதைப் படிப்பது பிழை.

விதியின் இறுக்கத்தை நடுவர்கள் தாண்டிய விதமும் பதிவாகியுள்ளது. 2013-இல் ஸ்பீல்பெர்க் தலைமையிலான குழு, 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்தின் தங்கப்பனையை இயக்குநர் கெஷீஷுக்கும் நடிகையர் லேயா செடூ, அடேல் எக்ஸார்க்கோபுலோஸ் இருவருக்கும் சேர்த்தே அறிவித்தது. நடிப்பு விருது தர இயலாத நிலையில் முதற்பரிசையே மூவருக்கு உரியதாக்கினர்.

5.3 யாருக்குக் கிடைக்கவில்லை

2025 வரை தங்கப்பனை வென்ற பெண் இயக்குநர்கள் மூவர் மட்டுமே. ஜேன் கேம்பியன் 1993-இல் 'தி பியானோ'வுக்காக, சென் கைகேயோடு பகிர்ந்து பெற்றார். ஜூலியா டுகூர்னோ 2021-இல் 'டிட்டான்' படத்துக்கும், ஜஸ்டின் த்ரியே 2023-இல் 'அனாடமி ஆஃப் எ ஃபால்' படத்துக்கும் பெற்றனர். 2018-இல் கேட் பிளான்செட் தலைமையில் 82 பெண்கள் விழா அரங்கின் படிகளில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். 1946 முதல் அதுவரை போட்டிக்குள் வந்த பெண் இயக்குநர்களின் எண்ணிக்கையைக் குறிப்பது அந்த 82. இங்கும் குறை நடுவர்களிடமிருந்து தொடங்கவில்லை. தேர்வுப் பட்டியலில் இல்லாதவருக்கு எந்த நடுவரும் விருது தர முடியாது.

5.4 காலத்தின் மறுபரிசீலனை

மேற்கு வங்க அரசின் பணத்தில் முடிக்கப்பட்ட சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1956-இல் போட்டியில் கலந்துகொண்டு 'சிறந்த மனித ஆவணம்' என்ற விருதைப் பெற்றது. தங்கப்பனை கூஸ்தோ, லூயி மால் இருவரின் கடலடி ஆவணப்படமான 'அமைதி உலகம்' பெற்றது. 1960-இல் அன்டோனியோனியின் 'லவென்தூரா' திரையிடலில் கேலிக்குரல்கள் எழுந்தன. ரோசெல்லினி உள்ளிட்ட கலைஞர்கள் மறுநாளே ஆதரவு அறிக்கை வெளியிட்டனர். படம் நடுவர் குழு விருதோடு திரும்பியது. இரண்டே ஆண்டுகளில், 1962-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அது உலகின் இரண்டாவது சிறந்த படமாகத் தேர்வானது. இவ்விரு படங்களும் அன்றைய முதற்பரிசைப் பெறவில்லை. ஆயினும் போட்டியில் இடம் கிடைத்ததால்தான் உலகம் அவற்றைக் கண்டது. தேர்வின் பயன் விருதின் பயனைவிட நீடித்தது.

6. இரு தனிநிலை ஆய்வுகள்

6.1 'தீபன்' (2015)

2015-இல் தங்கப்பனை வென்ற ழாக் ஓதியாரின் 'தீபன்' தமிழர்களுக்கு நேரடித் தொடர்புடையது. ஈழப்போரில் தோற்ற ஒரு போராளியும் முன்பின் அறியாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் இறந்தோரின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடித்துப் பிரான்ஸ் சேர்கிறார்கள். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் வேறொரு வன்முறையை எதிர்கொள்கிறார்கள். ஈழத்திலிருந்து வெளியேறிப் பிரான்சில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி (அந்தோனிதாசன் யேசுதாசன்) தலைமைப் பாத்திரத்திலும் சென்னை நாடகக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசன் பெண் பாத்திரத்திலும் நடித்தனர். உரையாடலின் பெரும்பகுதி தமிழ்.

நடுவர் குழுவுக்குக் கோயன் சகோதரர்கள் இருவரும் தலைமை வகித்தனர். 'சன் ஆஃப் சவுல்', 'கரோல்', 'தி அசாசின்' ஆகியவை அவ்வாண்டின் பிற போட்டியாளர்கள். தீர்ப்பு பல விமர்சகர்களுக்கு வியப்பளித்தது. இது விமர்சகர் குழுவன்று, கலைஞர்களின் குழு என்ற பொருளில் ஜோயல் கோயன் விடையளித்தார். அவ்விடையில் நடுவர் முறையின் அடிப்படை அடங்கியிருக்கிறது.

ஆய்வு நோக்கில் முதன்மையானது வேறு. 'தீபன்' பிரெஞ்சுப் படமாகவே கணக்கிடப்படுகிறது. தயாரிப்பும் இயக்கமும் பிரெஞ்சு. தமிழ் பேசும் படம் உலகின் உயரிய விழா விருதை வென்றபோதும், தமிழ்த் திரைத்துறைக்கு அதில் பங்கில்லை. மொழிக்கும் நாட்டுக்கும் இடையிலான இந்த விலகல் 1972-இன் விதி மாற்றம் திறந்துவிட்ட வழி. அகதியின் கதையை அகதி எழுத்தாளரே முகமாக நின்று உலகின் முன் வைத்தது அதன் பேறு.

6.2 பாயல் கபாடியாவும் ஜாஃபர் பனாஹியும்

ஒரு கலைஞர் போட்டிப் பிரிவை எவ்வாறு அடைகிறார் என்பதைக் கபாடியாவின் பாதை காட்டுகிறது. புனே திரைப்படக் கல்லூரி மாணவியாக அவர் எடுத்த 'ஆஃப்டர்நூன் க்ளவுட்ஸ்' 2017-இல் மாணவர் பிரிவில் இடம்பெற்றது. 2021-இல் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' இயக்குநர்களின் இருவாரத்தில் திரையிடப்பட்டுச் சிறந்த ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' பெற்றது. 2024-இல் இந்திய-ஐரோப்பியக் கூட்டுத் தயாரிப்பான 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' போட்டிக்குள் நுழைந்து, கிரெட்டா கெர்விக் தலைமையிலான குழுவிடம் கிராண்ட் பிரி வென்றது. அடுத்த ஆண்டு அவரே நடுவர். படிப்படியாக உயர்த்தும் ஏணி இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஏறுவதற்குத் திறமையோடு கூட்டுத் தயாரிப்பு, விழாத் தொடர்பு ஆகியனவும் வேண்டும்.

ஈரானிய இயக்குநர் பனாஹியின் பாதை இதே ஏணியை ஒடுக்குமுறையின் நடுவே காட்டுகிறது. 1995-இல் 'வெள்ளை பலூன்' தங்கக் கேமரா பெற்றது. 2010-இல் நடுவராக அழைக்கப்பட்டபோது அவர் ஈரான் சிறையில் இருந்தார். அவர் பெயரில் ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட்டது. அவ்வாண்டு சிறந்த நடிகை விருது வாங்கிய ஜூலியட் பினோஷ் அவர் பெயர் எழுதிய அட்டையை மேடையில் ஏந்தினார். 2025-இல் பினோஷ் நடுவர் குழுத் தலைவர். தங்கப்பனை பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்' படத்துக்கு. அரசு அனுப்பும் படங்களே போட்டியிடலாம் என்ற பழைய விதி நீடித்திருந்தால் இப்படம் கேன்ஸ் வாசலையே மிதித்திருக்காது. தேர்வை அரசிடமிருந்து பறித்ததன் முழுப் பயனும் இந்த ஒரு தீர்ப்பில் தெரிகிறது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

(1) கேன்ஸ் வரலாறு, படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசிடமிருந்து விழாவின் கைக்கு மாறிய வரலாறு. 1972 அதன் எல்லைக்கோடு.

(2) நடுவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். தேர்வாளர்கள் பல்லாண்டு நீடிக்கிறார்கள். விழாவின் சுவையை வடிவமைப்பவர்கள் தேர்வாளர்களே. புறக்கணிப்பு பற்றிய கேள்விகள் முதலில் அவர்களிடமே கேட்கப்பட வேண்டும்.

(3) விருதுப் பட்டியல் தகுதி வரிசையன்று. பங்கீட்டு விதிக்கு உட்பட்டு ஒன்பது பேர் எட்டிய உடன்பாடு.

(4) முதற்பரிசு பெறாத போட்டிப் படங்களும் காலத்தால் முதன்மை பெற்றுள்ளன. எனவே ஒவ்வோர் ஆண்டின் முழுப் பட்டியலும் நம் கவனத்துக்கு உரியது.

(5) நடுவர் குழு தன் முடிவுக்குச் சுருக்கமாகவேனும் காரணம் கூறுவது விழாவின் நம்பகத்தன்மையை உயர்த்தும்.

தமிழில் திரைப்படம் பற்றி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு படம் கேன்ஸுக்குச் சென்றது என்று எழுதும்போது போட்டிப் பிரிவா, இணைப் பிரிவா, கட்டணச் சந்தையா என்பதைக் குறிப்பிடுங்கள். விருது என்றால் எந்த விருது, எந்த நடுவர் குழு தந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சந்தைத் திரையிடலைச் சாதனை என்று கொண்டாடினால், உண்மையாகவே தேர்வாகி வரும் கலைஞரின் உழைப்பை நாம் சிறுமைப்படுத்துகிறோம். நம் ஊர்களில் நடக்கும் விழாக்களும் தம் தேர்வு விதிகளையும் நடுவர் பெயர்களையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும். முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வாசகர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.